என் மனைவி எடுத்த பாலம்

நான் பொறாமைப்பட்ட முதல் புகைப்படக்காரன் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவன் பெயர் யாருக்கும் தெரியாது. மும்பை மாட்டுங்காவில் ஒரு தமிழ் அமைப்பு நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், வெள்ளைத் திரையில் அவன் எடுத்த படத்தைப் பார்த்தேன். ஆற்றின் இரண்டு கரைகளிலிருந்தும் இரும்புப் பாலம் பாதி பாதியாக நீண்டு வந்து, நடுவில் சேராமல் நிற்கிறது. சேராத இடத்தில் வானம் மட்டும். கேமராவைத் தாழ வைத்து எடுத்திருக்கிறான். கீழேயிருந்து பார்க்கும்போது அந்த இரும்பு கோயில் கோபுரம்போல உயர்ந்து தெரிகிறது.

நான் அங்கே பேச்சுக் கேட்கப் போகவில்லை. கூட்டத்தைப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தாராவியில், தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்குச் சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் படம், கல்யாணம், சடங்கு, சர்ச்சில் ஞானஸ்நானம் எல்லாம் எடுப்பேன். அதோடு ஒன்றரை வருஷமாக இன்னொரு வேலையும் இருந்தது. நாங்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப் பக்கத்திலிருந்து ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே போகிற பழைய பாலத்தை இடித்துவிட்டு, இரும்பில் புதுப்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று மேலிடத்துக்குக் காட்ட, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தில் ஸ்டாண்டை வைத்து நான் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். சடங்கு வீட்டுப் படங்களை ஆல்பம் கொடுத்ததும் மறந்துவிடுவேன். பாலத்துப் படங்களை மட்டும் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். நானும் ஒரு கலைஞன் என்பதற்கு என்னிடம் இருந்த சாட்சி அவைதான்.

அன்று பேசியவர் செம்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாள். கல்லூரியில் புகைப்பட வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

"பாலம் கட்டி முடிச்சப்பறம் எடுத்த படத்தைவிட, பாதியில நிக்கறப்போ எடுத்ததுதான் ஜாஸ்தி. ஏன்னு யோசிச்சுப் பாருங்கோ" என்றார். "முடிஞ்ச பாலத்துமேல ரயில் போகும், அவ்வளவுதான். முடியாத பாலத்தைப் பாத்தா, பாக்கறவா மனசே மிச்சத்தைக் கட்டி முடிச்சுடும். இந்த ஊரை எங்களால எட்டிப் பிடிக்க முடியும்னு சொல்லிக்க வெள்ளைக்காராளுக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது."

அடுத்த படத்தில், பாலத்தின் உச்சியில் தொப்பி வைத்த நாலு துரைமார் நின்றார்கள். கீழே தூண் அடியில் இடுப்புத் துணியோடு ஒரு ஆள். பாலம் எவ்வளவு பெரிசு என்று காட்டத்தான் அந்த ஆளை நிறுத்தியிருக்கிறார்கள், அளவுகோல் மாதிரி என்றார். பிறகு ஒரு குச்சியால் திரையில் சில இடங்களைத் தொட்டுக் காட்டினார். சாரத்தின் மேல் புகை மாதிரி வெள்ளையாகச் சில கீற்றுகள்.

"அந்தக் காலத்துக் கேமராவில ஒரு படம் விழ நேரம் ஆகும். அசையாம நின்னவா படத்துல இருக்கா. வேலை செஞ்சிண்டிருந்தவா இப்படிக் கரைஞ்சுபோய்ட்டா."

அரங்கில் யாரோ இருமினார்கள். நான் படம் எடுக்க மறந்து நின்றேன். எனக்கு அந்தக் கீற்றுகளில் மனம் போகவில்லை. அவனுக்கு ஆறு கிடைத்திருக்கிறது, எனக்குத் தண்டவாளமும் தகர ஷெட்டும் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டைச் சுமந்துகொண்டு போய் எடுத்தவன் படத்தை இன்றைக்கும் நாலு பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். என் படங்கள் பாலத்துக் கான்ட்ராக்டரின் பீரோவில் கிடக்கின்றன.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாளிடம் என் போனை நீட்டினேன். மூன்று படம் பார்த்தார். "ரொம்ப ஷார்ப்பா எடுத்திருக்கேள்" என்றார். பழைய பாலப் படங்களோடு இப்போது எழும்புகிற ஒரு பாலத்தின் படங்களையும் சேர்த்து தாதரில் கண்காட்சி வைக்கப் போவதாகவும், மற்ற படங்களைப் பார்க்க ஸ்டூடியோவுக்கே வருவதாகவும் சொன்னார். அன்று வீட்டுக்கு நடந்து போனேனா பறந்து போனேனா தெரியாது.

என் மனைவி என் தாய்மாமன் மகள். அம்பர்நாத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பி, கிழக்கு மாட்டுங்காவில் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் காப்பி குடிப்பதற்குள் ரத்தம் எடுத்துவிட வேண்டும். வேலை நடக்கும் பாலத்தை ஒட்டிப் போட்டிருந்த தற்காலிக நடைபாலத்தில்தான் தினமும் போவாள். மாமா அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். இடுப்பெலும்பு முறிந்து அப்போது படுக்கையில் கிடந்தார். போகிற வழியில் பாலத்தைப் போனில் ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்புவாள். அவர் பதிலுக்குக் குரல் அனுப்புவார். "அந்த மேல் வரிசை போல்ட்ட முடுக்குதவன் பெல்ட் மாட்டியிருக்கானா? நாளைக்குப் பாத்துச் சொல்லு." சமையல் செய்துகொண்டே அதைக் கேட்டுச் சிரிப்பாள். மகள் அப்பாவுக்கு அனுப்பும் குட்மார்னிங் படம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாளும் வாங்கிப் பார்த்ததில்லை.

செம்பூர் அம்மாள் ஸ்டூடியோவுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, நாற்பது படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மேஜையில் பரப்பியிருந்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வந்தவள் மேஜையைப் பார்த்தாள்.

"அத்தான், இதுல ஒண்ணுலயும் ஆளே இல்லியே."

"ஆள் நின்னா பாலத்த மறைக்கும். சூப்பர்வைசர் ஒதுங்கச் சொல்லிருவாரு."

"தலையில செவப்புத் துண்டு கட்டிக்கிட்டு ஒருத்தரு வருவாருல்லா, அவரு கூடவா இல்ல?" என்றவள், அந்த அம்மாளிடம் திரும்பி, "எங்கிட்ட இருக்காரு மேடம், பாக்கியளா?" என்று போனை நீட்டினாள். ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் குழந்தை படத்தைக் காட்டுவது மாதிரிதான் காட்டினாள். அதில் வேறு எந்த எண்ணமும் இல்லை.

அந்த அம்மாள் போனை வாங்கினார். ஒரு படம் தள்ளினார். இன்னொன்று. பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் வரவழைத்த டீ ஆறி ஆடை கட்டியது. அரைமணி நேரம் படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தார். என் படத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பெண்ணைப் பெற்றவள்கூடக் கல்யாண ஆல்பத்தை அவ்வளவு நேரம் பார்க்க மாட்டாள்.

எட்டிப் பார்த்தேன். கர்டர் என்கிற இரும்பு உத்தரத்தின் மேல் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கும் ஒருவன். கிரேன் கண்ணாடியில் தலை சீவும் ஒருவன். ஒரு போல்ட்டுக்காக இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் நீளும் இரண்டு கைகள், முகமே இல்லை. அப்புறம் அந்தப் படம். சிவப்புத் துண்டுக்காரர் தோளில் கயிற்றுச் சுருளோடு கர்டரின் மேல் நடந்து போகிறார். அவர் முகத்தில் வேர்வைகூடத் தெரிகிறது. ஆனால் அவரைச் சுற்றியுள்ள அத்தனை இரும்பும் கோடு கோடாக இழுபட்டு, தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

"இதை எப்படிம்மா எடுத்தே?"

"நேரமாயிட்டு மேடம். நடந்துக்கிட்டே எடுத்தேன். அவரும் அதே வேகத்துல கூடவே நடந்தாரா, அதான் அப்படி வந்துட்டு. சரியா வரல."

நகர்கிற ஆளோடு கேமராவையும் நகர்த்தி எடுக்கும் அந்த வித்தையைப் பத்து வருஷம் பழகியும் எனக்கு ஒழுங்காக வந்ததில்லை.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பழைய படத்துல ஆள் கரைஞ்சு போனான், இரும்பு நின்னுது. இதுல இரும்பு கரையறது, ஆள் நிக்கறான்" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். பிறகு என் மனைவியின் படங்களில் பன்னிரண்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். என்னுடையதில் ஒன்று. "அகலமா எடுத்திருக்கேளே, அது இருக்கட்டும். பாலம் எந்த எடத்துல இருக்குன்னு வரவாளுக்குத் தெரியணுமே."

அதாவது என் படம் வழிகாட்டும் பலகை.

அன்றைக்குப் பிறகு நான் வீட்டில் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. குழம்பில் புளி தூக்கல் என்றேன். அவள் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, "இங்க பாரு, பூரா பிசிறு. இதெல்லாம் ஒரு படமா?" என்றேன். "ஆமா, இருட்டுல்லா" என்று உடனே ஒத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மாமாவிடம் போனில், "சும்மா எடுத்தது, அந்த மேடத்துக்குப் புடிச்சிட்டு" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் 'சும்மா' என்னைச் சுட்டது.

ஒருநாள் விடியற்காலையில் என் பெரிய கேமராவை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே நடைபாலத்துக்குப் போனேன். அவள் நிற்கிற இடத்திலேயே நின்றேன். கேமராவைக் கண்டதும் ஆட்கள் ஹெல்மெட்டைச் சரிசெய்து விறைப்பாக நின்றார்கள். சிலர் நழுவிப் போனார்கள். நான் அவர்களுக்குச் சூப்பர்வைசரின் ஆள். சிவப்புத் துண்டுக்காரர் மட்டும் அருகே வந்து, "பாபி நஹி ஆயி க்யா?" என்று கேட்டார். அண்ணி இன்றைக்கு வரவில்லையா என்று. சற்று நேரத்தில் அவள் சாம்பிள் பெட்டியோடு வேகமாக வந்தாள். மேலேயிருந்து இரண்டு மூன்று பேர் கையசைத்தார்கள். அவளும் அசைத்தாள், போனைத் தூக்கினாள், ஒரு படம், போய்விட்டாள். என்னைப் பார்த்து, "நீங்களும் வந்தியளா?" என்று சந்தோஷப்பட்டாள்.

புருஷனுக்கு வருகிற சந்தேகம் இல்லை எனக்கு வந்தது. என்னைக் கண்டு விறைத்த முகங்கள் அவளைக் கண்டு இளகின. எனக்குத் தாங்காதது அதுதான். இருநூறு படம் எடுத்தேன். ஒன்றும் தேறவில்லை.

அந்த வாரமே அவள் போனை என்னிடம் கொடுத்தாள். "ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு காட்டுது அத்தான். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுட்டு இதக் காலி பண்ணிக் குடுங்க. மேடம் கேட்டதையும் அதுல இருந்தே அனுப்பிருங்க." ஏற்றிவிட்டுப் போனைக் காலி பண்ணிக் கொடுத்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அவள் படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அந்த அளவுக்குத் துணியவில்லை. ஆனால் செம்பூர் அம்மாளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். போன் கெட்டுப் படங்கள் அழிந்துவிட்டன, வாட்ஸப்பில் அவள் அப்பாவுக்குப் போன சின்னப் படங்கள்தான் மிச்சம், பெரிதாகப் பிரிண்ட் போட்டால் உடைந்துவிடும் என்று. அவர் வருத்தப்பட்டுப் பதில் போட்டார். மறுநாள், வேறு வழியில்லை, என் படங்களையே வைத்துக்கொள்வதாக எழுதினார். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

நாலு நாள் கழித்து மத்தியானம் அவள் வேலையிலிருந்து வந்தாள். சாம்பிள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவினாள்.

"அந்த மேடம் போன் பண்ணுனாவ. என் படமெல்லாம் அழிஞ்சிட்டாமே, ரொம்ப வருத்தப்பட்டாவ."

சாம்பிள் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்துனத நான் பாத்துக்கிட்டுதான நின்னேன்?"

"அவங்ககிட்ட நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. உங்களக் கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அழிச்சிட்டியளா?"

"இல்ல. இருக்கு."

"பின்ன என்னத்துக்கு அப்படிச் சொன்னிய?"

வைரஸ், ஹார்ட் டிஸ்க் என்று இரண்டு மூன்று பொய் வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு உண்மையாகவே காரணம் புரியவில்லை.

"பொறாமையா இருந்திச்சு."

"யாரு மேல?"

"உன் மேலதான்."

கட்டிலில் உட்கார்ந்தாள். "நான் ஊசி குத்துதவ. நீங்க போட்டோக்காரரு. என் மேல என்ன பொறாமை உங்களுக்கு?"

"அதனாலதான்."

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அப்பாட்ட சொல்லிட்டேன் அத்தான். கண்காட்சிக்குப் போட்டுட்டு வரணும்னு அவிய புதுச் சட்டை தைக்கக் குடுத்திருக்காவ." அதற்குப் பிறகுதான் அழுதாள். அதிகமில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "மேடத்துக்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள். அப்புறம் இரண்டு நாள் சாப்பாடு, சாவி, கேஸ் சிலிண்டர் தவிர வேறு எதுவும் என்னிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் செம்பூர் போனேன். அந்த அம்மாள் வீட்டில் சுவர் முழுக்கப் பழைய படங்கள். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன்.

"படம் எதுவும் அழியல மேடம். நான் பொய் சொல்லிட்டேன். என் படம் தொங்கணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நான் நம்பினேன். அதான் கோபமா வரது" என்றார். எழுந்து போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். தூண் அடியில் மண் சுமக்கும் பெண்களின் படம். எல்லா முகமும் கலைந்திருந்தது. "இவா யார், எந்த ஊர், ஒண்ணும் தெரியாது. இந்த மாதிரி காணாமப் போனவாளைத் தேடறதே எனக்கு வேலை. நீங்க உங்காத்துக்குள்ளேயே ஒருத்தியைக் காணாம அடிச்சிருக்கேள்."

பென் டிரைவை வாங்கிக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பிரிண்ட் போடும் வேலையை எனக்குத் தருவதாக இருந்தவர், அதை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "உங்க படம் ஒண்ணு இருக்கும். அது அந்த எடத்துல வேணும்." வாசல்வரை வந்து வழியனுப்பினார். அது அவர் வழக்கம், அவ்வளவுதான்.

தாதரில் கண்காட்சி நடந்தது. மாமாவை அம்பர்நாத்திலிருந்து டாக்ஸியில் அழைத்து வந்தோம். புதுச் சட்டை, கையில் வாக்கர். மகள் எடுத்த ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, "இவன் நல்லா முடுக்குதான்" என்றும், "இவனுக்குக் கையுறை யாரும் குடுக்கலியா?" என்றும் கேட்டுக்கொண்டே போனார். பழைய படத்தில் உச்சியில் நின்ற தொப்பிக்காரர்களைக் காட்டி, "இவனுவ எப்படி மேல ஏறுனானுவ? யாரு ஏத்திவிட்டா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஃபிட்டருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

என் படத்தின் முன்னாலும் நின்றார். "இது நல்லாருக்கு மருமவனே. முழுசாத் தெரியுது." அப்போதுதான் அவள் அவரிடம் எதையும் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவளைத் தேடினேன். கூடத்தின் மறுகோடியில் நாலைந்து பெண்கள் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். சிவப்புத் துண்டுக்காரரைக் கூட்டிவர அவள் முயன்றிருந்தாள். அந்த வேலையாட்கள் கூட்டத்தையே வேறு ஊர் வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். அதை யாரிடமோ சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாணவி என்ன லென்ஸ் என்று கேட்க, என்னைப் பார்த்து, "அத்தான், இவங்களுக்கு நீங்க சொல்லுங்க" என்று கூப்பிட்டாள். போய்ச் சொன்னேன். அந்த மாணவி நான் சொன்னதை எழுதிக்கொண்டு, மறுபடி அவள் பக்கமே திரும்பினாள். நெஞ்சுக்குள் பழைய முள் அதே இடத்தில் குத்தியது. மன்னிப்புக் கேட்டுவிட்டால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது போகவில்லை.

பாலம் திறந்து சில மாதங்கள் ஆகின்றன. பஸ்ஸும் ஆட்டோவும் போகின்றன. நடைபாலத்தைப் பிரித்துவிட்டார்கள். மாமா இப்போது வாக்கர் இல்லாமல் தெருமுனைவரை நடக்கிறார். என் மனைவி காலையில் புதுப்பாலத்து நடைபாதை வழியாக வேலைக்குப் போகிறாள். போனை வெளியே எடுப்பதில்லை. செம்பூர் அம்மாள் அவளைக் கூப்பிட்டு, புதிதாக என்ன எடுத்திருக்கிறாய் என்று இரண்டு தடவை கேட்டார். ஒன்றும் இல்லை மேடம் என்று சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, ஏன் இப்ப எடுக்க மாட்டேங்குற?" என்று கேட்டேன்.

"பாலம் வந்துட்டு. அப்பாவும் நடக்காவ. இனி என்னத்த எடுக்க, யாருக்கு அனுப்ப?" என்றாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்கான வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் சாவகாசமாக. நீ எடு, எதையாவது எடு, எனக்கு அனுப்பு என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. இன்னும் நான் அதை அவளிடம் சொல்லவில்லை.